இரண்டு விரல் இடைவெளி

உடல் தொந்தரவில்லாமல் இருப்பதைச் சொல்லத் தமிழில் ஒரு நேரான சொல்லைத் தேடிப் பாருங்கள். 'சுகம்' என்றால் அது கடிதத்தின் முதல் வரி, அல்லது படுக்கையறை. பிள்ளை பெற்றவளிடம் 'சுகப்பிரசவமா' என்று கேட்கிறோம். அந்தச் சுகம் யாருடையது என்று கேட்பதில்லை. 'இதம்' கவிதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'வசதி' என்பது பணம். 'அவங்க வசதியானவங்க' என்று யாரையாவது சொன்னால் அவர்கள் உடல் நோகாமல் இருக்கிறார்கள் என்று எவரும் புரிந்துகொள்வதில்லை. மிஞ்சுவது 'சௌகரியம்'. அதையும் பெண்கள் மற்றவர்களைப் பற்றிக் கேட்பதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். வந்தவர்களுக்குப் படுக்கச் சௌகரியமா, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு சௌகரியமா.

பத்தொன்பது வருடமாகக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல் எனக்கு ஒரு தொழில்முறைத் தேவையாக இருந்ததே இல்லை. இடது முலையை எடுத்த பிறகு, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தந்த தாளில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. மருத்துவர் அதை வாயாலும் சொன்னார்: "சௌகரியமான கம்ப்ரஷன் பிரா ஒண்ணு வாங்கிக்குங்க. ஆறு வாரம், ராத்திரியும் கழட்டாதீங்க." கம்ப்ரஷன் என்றால் அழுத்தம். அழுத்தமும் சௌகரியமும் ஒரே துணியில் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

'அழுத்தக்காரி' என்று எங்கள் பக்கம் ஒரு வசவு உண்டு. எதையும் வெளியே சொல்லாதவள், நெஞ்சிலேயே வைத்திருப்பவள். அந்த ஆறு வாரமும் இந்தச் சொல் என் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த உள்ளாடை என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. எனக்கும் யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. முலையை எடுத்த இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. உடல் வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. நிணநீரைக் கொண்டுவந்து நிரப்புகிறது. அதை வெளியே எடுக்கக் குழாய்களைச் செருகியிருப்பார்கள். அவற்றின் முனையில் ஒரு டப்பா. தினமும் எத்தனை மில்லி வந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். நாளுக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுப்பார்கள். அதன் பிறகும் நீர் கோக்கலாம். தோலைத் தசையோடு மெல்ல ஒட்டவைத்துப் பிடிப்பதற்கும், வீக்கத்தைக் குறைப்பதற்கும், நடக்கும்போது தையல் இழுபடாமல் இருப்பதற்கும்தான் இந்த அழுத்தம். அதனால் அது முன்பக்கம் திறக்க வேண்டும். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியாது, சுவரில் விரல்களால் ஏறி ஏறித்தான் கையையே திரும்ப உயர்த்தக் கற்றுக்கொள்கிறோம். கம்பி கூடாது. தோள்பட்டி அகலமாக இருக்க வேண்டும். அக்குள் ஓரம் உயர்ந்து வந்து தழும்பின் கடைசி முனையையும் மூட வேண்டும், ஆனால் அதில் தையல் மடிப்பு உறுத்தக் கூடாது. அடிப்பட்டி அகலமாக, சுருண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், குறுகலான பட்டி ஒரே இடத்தில் கயிறு மாதிரி அழுத்துவது நல்லதல்ல. நீர் வடியும் வழி ஏற்கெனவே குறைந்திருக்கிறது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: என் அம்மா போட்டிருந்த 'பாடி' கிட்டத்தட்ட இதுதான். முன்பக்கக் கொக்கி, அகலப் பட்டி, கம்பியில்லாத பருத்தித் துணி. பதினாறு வயதில் அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு கூச்சமாக இருக்கும்.

நான் முதலில் போனது வழக்கமான உள்ளாடைக் கடைக்கு. நம் ஊர்க் கடைகளில் இதை விற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அளவுநாடா எடுப்பதில்லை. ஒரு பார்வை, உடனே "முப்பத்தாறு எடுக்கட்டுங்களா மேடம்" என்பார்கள். முப்பது வருடமாக அந்தப் பார்வை சொன்ன அளவைத்தான் நான் என் அளவு என்று வைத்திருந்தேன். எந்தக் கடையிலும் "கையைத் தூக்கிப் பாருங்க, உறுத்துதா" என்று கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி வீசுவது, விலாவில் பதிந்த சிவப்புக் கோட்டைச் சொறிவது, இதெல்லாம் பெண்ணாக இருப்பதன் அன்றாடக் கூலி என்றுதான் ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்துக்கொள்வோம். கடைவாசலில் தலையில்லாத, கையில்லாத மார்பளவு பொம்மைகள். அவற்றுக்குச் சௌகரியம் பற்றிய கேள்வியே இல்லை.

அங்கே கிடைக்கவில்லை. மூட்டுப்பட்டையும் இடுப்பு பெல்ட்டும் நடைக்கோலும் விற்கும் சர்ஜிகல் கடையில் இருந்தது. விலை ஆயிரத்து எண்ணூறு. அட்டைப்பெட்டியின் மேல் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டும் இருந்தன.

பழந்தமிழில் 'வம்பு' என்ற சொல்லுக்குக் கச்சு என்றும் ஒரு பொருள் உண்டு. முலைக்கச்சுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் ஒரே சொல் வாய்த்திருப்பது தற்செயல்தான் என்றாலும், வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் உடனே சிரிப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நம் இலக்கியத்தில் கச்சு வரும் இடங்களை நினைத்துப் பார்க்கிறேன். அது இறுகும், நெகிழும், தாங்காமல் அறும். எல்லாம் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு. கச்சுக்குள் இருந்தவளுக்கு அது உறுத்தியதா, வேர்த்ததா, கோடையில் அரித்ததா என்று ஒரு செய்தியும் கிடைப்பதில்லை.

முலையை இழந்த பெண்களும் நம்மிடம் இருக்கிறார்கள். கண்ணகியை எல்லோருக்கும் தெரியும். நற்றிணை 216இல் மருதன் இளநாகனார் ஒரு முலையை அறுத்துக்கொண்ட திருமாவுண்ணி என்ற ஒருத்தியைச் சொல்கிறார். புறநானூறு 278இல், மகன் போரில் புறங்காட்டினான் என்பது உண்மையானால் அவன் பால்குடித்த முலையை அறுத்துவிடுவேன் என்று ஒரு முதியவள் வஞ்சினம் சொல்கிறாள். மதுரையின் தடாதகைக்கு மூன்று முலை. கணவனாகப் போகிறவனைக் கண்டதும் ஒன்று மறைகிறது. சினம், சூள், கற்பு, காதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். நோயினால் ஒரு முலையை இழந்து, மறுநாள் காலை எழுந்து எந்த ரவிக்கையைப் போடுவது என்று பீரோவின் முன் நின்ற பெண் அந்த வரிசையில் இல்லை. கண்ணகி மதுரையை விட்டுப் போய், பதினான்கு நாள் கழித்து மலைமேல் வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். இந்தக் காதையை எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பதினான்கு நாளும் புண்ணின்மேல் அவள் என்ன கட்டியிருந்தாள் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குப் பதினைந்தாம் நாள்தான் இரண்டாவது குழாயை எடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். காவியத்துக்குப் புண் வேண்டியிருக்கிறது, ஆறுவது வேண்டியிருக்கவில்லை.

இந்த உறுப்பின் பெயரைச் சொல்வதற்கே 2002இல் ஒரு சண்டை நடந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது அந்தச் சொல் தலைப்பில் இருக்கலாமா என்று எழுந்த கூச்சலை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. மருத்துவமனையில் அதே சொல்லை யாரும் சொல்லவில்லை. மருத்துவர் 'பிரெஸ்ட்' என்றார். செவிலியர்கள் 'மார்பு' என்றார்கள். அம்மா 'அங்க' என்றாள். எடுத்த பிறகு 'அந்தப் பக்கம்' ஆனது.

செவிலியர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "இடது பக்கம்தானுங்க மேடம், முந்தானை மறைச்சுரும். ரைட்டா இருந்தாத்தான் கஷ்டம்." அன்புடன்தான் சொன்னார். ஆனால் அவர் கரும்பலகையில் எழுதுகிறவர் இல்லை. வலக்கையால் எழுதும் ஆசிரியை பலகையின் பக்கம் திரும்பும்போது வகுப்புக்குக் காட்டுவது இடப்பக்கத்தை. முந்தானை முன்னால் மூடும். இடது பக்கவாட்டில் ரவிக்கை அப்படியே தெரியும். அறுபது பேர் உள்ள வகுப்பில் பின்பெஞ்சு வரைக்கும் தெரியும். ஆகவே ஆறு வாரம் முடிந்து கல்லூரிக்குத் திரும்புவதற்கு முன் இன்னொரு கேள்வி வந்தது. அந்த உள்ளாடையின் உட்புறம் ஒரு பை தைத்திருப்பார்கள். அதற்குள் எதையாவது வைப்பதா, வெறுமனே விடுவதா?

ஆட்ரி லார்ட் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கவிஞருக்கு 1978இல் ஒரு மார்பை எடுத்தார்கள். 1980இல் 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். மருத்துவமனைக்கு அவரைப் பார்க்க வந்த தன்னார்வலப் பெண் ஒரு பிராவையும் மார்பு வடிவப் பஞ்சுத் திண்டையும் கொண்டுவருகிறாள். அது வெளிர் இளஞ்சிவப்பு நிறம். லார்டின் தோலோடு ஒட்டாத நிறம். பிறகு மருத்துவரின் அறைக்கு எதுவும் வைக்காமல் அவர் போனபோது, அங்கிருந்த செவிலியர், இங்கே வரும்போதாவது ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் மற்றவர்கள் மனம் சோர்ந்துவிடும் என்கிற பொருளில் சொல்கிறார். மார்பக அறுவை செய்யும் மருத்துவரின் அறையில்! லார்ட் அங்கே ஒரு கேள்வி கேட்கிறார். இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான் கறுப்புக் கண்மூடியுடன் உலகம் முழுக்கச் சுற்றினார். கண்ணாடிக் கண் வைத்துக்கொள், பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? செயற்கை மார்பை வைத்துக்கொள்வதால் ஒரே புண்ணைச் சுமக்கும் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாமல் போகிறது என்பது அவருடைய வாதத்தின் மையம்.

இந்தப் புத்தகத்தைச் சிகிச்சைக்கு முன்பே படித்திருந்தேன், பாடமும் எடுத்திருக்கிறேன். அறுவைக்குப் பின் படித்தபோது அவரோடு முழுக்க உடன்பட முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் என் ஊர்.

நெஞ்சின் மேல் துணி போடுவதா வேண்டாமா என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போராடினார்கள். அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். 1859இல் அரசர் ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடும் முறையில் போடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களுக்கு மூடிக்கொள்வதுதான் நிமிர்வது. ஆகவே மறைத்தாலே அடிமைத்தனம், திறந்தாலே விடுதலை என்ற வாய்ப்பாடு எனக்குச் செல்லுபடியாகவில்லை. துணி எங்கே இருக்கிறது என்பதை விட, இருக்க வேண்டும் என்றோ கூடாது என்றோ முடிவுசெய்த வாய் எது என்பதுதான் கேள்வி.

இன்னொரு காரணம் பொய்யைப் பற்றியது. சக ஆசிரியை ஒருத்தி, பெண்ணியவாதி, நல்ல தோழி, என்னிடம் நேரடியாகக் கேட்டாள்: "நீ போய் அதை வெச்சுக்கலாமா? அது ஏமாத்தறது இல்லையா?" அவளை எனக்குப் பிடிக்கும், அதனால் யோசித்தேன். பொய் என்பதற்கு எதிரில் உண்மையைப் பெற உரிமையுள்ள ஒருவர் வேண்டும். என் மருத்துவரிடம் மறைத்தால் பொய். படுக்கையைப் பகிர்கிறவரிடம் மறைப்பதைப் பற்றி விவாதிக்கலாம். பேருந்தில் எதிர்இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கும், தொல்காப்பியம் கேட்க வந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கும் என் நெஞ்சின் சரியான கணக்கைத் தெரிந்துகொள்ள என்ன உரிமை இருக்கிறது? அவர்களுக்கு நான் எதையும் உறுதியளிக்கவில்லை. ஆகவே ஏமாற்றவும் இல்லை. ஆனால் அவர்கள் சங்கடப்படக் கூடாது என்பதற்காக என் தழும்பு எரிய எரிய அந்த எடையைச் சுமந்தால், அது வேறு. அங்கே பொய் அவர்களிடம் இல்லை. எனக்குள் நானே சொல்லிக்கொள்வது. லார்டின் கோபத்தை நான் இந்த இடத்தில்தான் ஏற்றுக்கொள்கிறேன்.

எடை என்று சொன்னேன். சிலிக்கான் மார்பு கனமானது; அறுவை ஆறுவதற்கு முன் அதை வைக்க விடமாட்டார்கள். அதுவரை பஞ்சோ மெல்லிய நுரையோ வைத்தது போதும். பருத்தி நூலில் பின்னிய இலேசான முலைகளைப் பல நாடுகளில் பெண்கள் பின்னி இலவசமாகத் தருகிறார்கள், துவைத்துக் காயப்போடலாம். எனக்கு ஒன்று கிடைத்தது, கறிவேப்பிலைப் பச்சை நிறம். எந்த உடம்பின் நிறமும் இல்லாததால் எனக்கு அது மிகவும் பிடித்தது. இப்போது சில நாள் வைக்கிறேன், சில நாள் வைப்பதில்லை. கதிர்வீச்சு நடந்த வாரங்களில் எதுவுமே போடவில்லை. தோல் கறுத்து வெந்த மாதிரி இருக்கும். அதன்மேல் நைந்த பருத்திச் சேலைத் துண்டைத் தவிர வேறெதுவும் பொறுக்காது. மாணவிகள் கவனித்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் வகுப்பு முடிந்து வந்து, "மேம், எங்க சித்திக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வைக்காத நாளில் வந்தாள் என்பதைக் குறித்துக்கொண்டேன். லார்ட் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்தால், சௌகரியம் என்பதை உள்ளே இருப்பவள் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர்கள் வாயை மூட வேண்டும் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். என் உடல், என் அறிவு. எலைன் ஸ்கேரி 1985இல் எழுதிய புத்தகத்தில், வலி உள்ளவருக்கு அதைவிட நிச்சயமானது எதுவுமில்லை, கேட்பவருக்கு அதைவிடச் சந்தேகமானது எதுவுமில்லை என்கிற பொருளில் ஒரு கருத்து வரும். பெண்களின் வலியைச் சந்தேகிப்பதே வழக்கமாக இருக்கும் ஊரில் அது பெரிய ஆயுதம். நானும் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை.

அக்குளில் கணுக்களை எடுக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் நரம்பு சிலருக்கு அறுபடும், அல்லது அடிபடும். எனக்கு அக்குளிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் மரத்துப்போயிருக்கிறது. தழும்பைச் சுற்றியும் அப்படித்தான். சில இடங்களில் தொட்டால் தெரியாது. சில இடங்களில் தொடாமலே எரியும். முலை இருந்த இடத்தில் இல்லாத முலை அரிக்கும். உள்ளாடையின் பட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று உறுதி செய்ய மருத்துவமனையில் எளிமையான ஒரு வழி சொல்லித்தந்தார்கள்: பட்டிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். என் விரல்கள் நுழைந்தன. விரலுக்குத் தெரிந்தது, தோலுக்குத் தெரியவில்லை. இறுக்கமாக இல்லை என்று நான் நிச்சயமாகச் சொன்ன ஒரு சாயங்காலம், அம்மா முதுகுப்பக்கம் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இங்க கோடு வுழுந்து செவந்து கெடக்குதே, உனக்குத் தெரீலயா?" என்றாள். தெரியவில்லை.

பல நாள் இதை நான் யாரிடமும் பேசவில்லை. என் அரசியல் முழுவதும் 'எனக்குத் தெரியும்' என்பதன் மேல் கட்டப்பட்டிருந்தது. என் கவிதைகளும் அதன் மேல்தான். உடலைப் பற்றி ஆண்கள் எழுதியதற்கு எதிராக நாங்கள் வைத்த ஒரே சாட்சி உள்ளிருந்து வரும் உணர்வு. அந்தச் சாட்சி ஓரிடத்தில் மௌனமாகிவிட்டால் என்ன செய்வது? திரும்பவும் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணிடம் போக வேண்டுமா?

போக வேண்டியிருந்தது. ஆனால் எல்லாக் கண்ணும் ஒன்றல்ல. கடைக்காரரின் பார்வை முப்பத்தாறு என்று சொல்லி முடித்துக்கொள்ளும். செவிலியரின் பார்வை முந்தானை மறைக்குமா என்று கணக்குப் போடும். அம்மாவின் பார்வை ஒவ்வொரு சாயங்காலமும் துணியைத் தூக்கி, கோடு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, கை நேற்றைவிடப் பருத்திருக்கிறதா என்று தேடும். தேடிவிட்டு என்னிடம் கேட்கும். பார்த்து முடிப்பதற்கும் பார்த்துவிட்டுக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாததை அவள் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதை வைத்து என்ன செய்வது என்பதை நான் சொன்னேன். பட்டியை ஒரு கொக்கி தளர்த்துவதா, மருத்துவரிடம் போவதா, கழற்றிவிட்டு ஒரு மணிநேரம் காற்றாட உட்காருவதா என்பது என்னிடம் இருந்தது. சௌகரியம் என்பது நான் மட்டுமே அறிந்த ரகசியம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அழுத்தக்காரிக்குக் கிடைக்காத ஒன்று அது.

இதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் என் அடுத்த கட்டிலில் இருந்தவர் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், நூற்பாலையில் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். "டீச்சரக்கா" என்று கூப்பிடுவார். அறுவைக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. உள்ளாடை அந்தக் கணக்கில் வரவில்லை. அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு சட்டம், முலையை எடுக்கும் அறுவைக்குப் பணம் தரும் காப்பீடு செயற்கை மார்புக்கும் தர வேண்டும் என்று சொல்கிறது. இங்கே அந்த அம்மணிக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்பது எத்தனை நாள் கூலி என்று அவரே விரல்விட்டு எண்ணினார். பழைய வேட்டியை அகலமாகக் கிழித்து, நெஞ்சைச் சுற்றிக் கட்டி, முன்னால் ஊக்கு குத்தியிருந்தார். அழுத்தம் இருந்தது. ஆனால் ராத்திரி புரண்டால் சுருண்டு கயிறாகிவிடும், ஊக்கு குத்தும். "உங்களுது இதமா இருக்குதுங்களா டீச்சரக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. 'வசதி' என்ற சொல் பணத்துக்குப் போனது ஏன் என்று அகராதி பார்க்காமலே புரிந்தது.

நங்கையா, அதாவது என் அண்ணன் மனைவி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் பேட்லாக் மிஷின் தைக்கிறவர், இருபத்தைந்து வருட அனுபவம். என்னைப் பார்க்க வந்தவர் நலம் விசாரிப்பதற்கு முன் உள்ளாடையைக் கழற்றச் சொல்லி வாங்கி, உள்பக்கம் திருப்பி, நகத்தால் தையலைத் தடவிப் பார்த்தார். "இதுக்கா இத்தன ரூவா? ஓவர்லாக் அடிச்சு உட்டுருக்கறான் பாரு அம்மிணி, மடிப்பு பூராம் உள்ளார நிக்குது. இது அறுக்காம என்ன பண்ணும்?" மடிப்பே இல்லாமல் துணியோடு துணி படிந்து நிற்பதுதான் பேட்லாக். இரண்டு வாரம் கழித்துத் தானே ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தார். பனியன் துணி, துளி லைக்ரா கலந்தது; அடிப்பட்டி நான்கு விரல் அகலம்; முன்னால் கொக்கி மூன்று வரிசை, வீக்கம் ஏறினால் தளர்த்தவும் இறங்கினால் இறுக்கவும். அக்குள் ஓரத்தை அரை அங்குலம் ஏற்றியிருந்தார். விடுவதற்கு முன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, குனியச் சொல்லி, படுக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "புடிக்குதா?" என்று கேட்டார். மரத்த இடத்தை நான் காட்டியபோது, "அங்க உனக்குத் தெரியாதல்லோ, நாம் பாத்துக்கறேன்" என்று தன் இரண்டு விரலை நுழைத்தார்.

முப்பது வருடத்தில் நான் போட்டதிலேயே உடம்போடு சண்டை போடாத முதல் துணி அது. ஒற்றை முலைக்கென்று வெட்டியது. கண்ணாடியில் பார்த்தால் அழகு என்று சொல்ல மாட்டேன், நங்கையாவும் சொல்லவில்லை.

தாராபுரத்து அம்மணியின் எண் என்னிடம் இருந்தது. அவருக்கு வலப்பக்கம். ஆகவே வெட்டு மாறும், அப்படியே நகல் எடுக்க முடியாது. போனில் அளவு சொல்லச் சொன்னேன். "அளவெல்லாம் தெரியாதுங்க, கடைக்காரர் குடுக்கறதப் போட்டுக்குவேன்" என்றார். வேட்டித் துண்டை நெஞ்சைச் சுற்றி வைத்து, முடியும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பச் சொன்னேன். துண்டு தபாலில் வந்தது. நங்கையா அதைத் தரையில் விரித்து நாடாவால் அளந்து, ஒரு அங்குலம் கூட்டிக் குறித்துக்கொண்டார். "நூல் மில்லுல நின்னுக்கிட்டே வேலையல்லோ, வேர்த்தா இன்னும் இறுக்கும்" என்றார். பிறகு, ராத்திரி எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். கொக்கியை அதற்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டுமாம்.

கேட்டேன். அந்த அம்மணி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத யாருமே கேட்டதில்லீங்க டீச்சரக்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.